அத்தியாயம் 9: ஊசிக்குள் ஒரு கரிய கோடு

ஓரியன் நெபுலாவையும் ஆண்ட்ரொமீடாவையும் எடுத்துக் கை பழகியவர் அடுத்து எதை எடுக்கலாம் என்று கேட்டால், பக்கவாட்டில் நிற்கும் சுழல் கேலக்ஸி ஒன்றைத்தான் சொல்வேன். ஆண்ட்ரொமீடா பெரியது, பிரகாசமானது. ஃபோகஸ் கொஞ்சம் பிசகினாலும் டிராக்கிங் கொஞ்சம் நழுவினாலும் பார்க்கும்படியான படம் வந்துவிடும். பக்கவாட்டுக் கேலக்ஸியிடம் அந்தச் சலுகை கிடையாது. அதன் வட்டு நமக்கு விளிம்பைக் காட்டி நிற்பதால், வட்டின் நடுத்தளத்தில் இருக்கும் தூசு ஒரு கரிய கோடாக நீளவாக்கில் ஓடும். அந்தக் கோடு படத்தில் விழுந்ததா என்று பார்த்தால் போதும். இடம், குவியத்தூரம், ஃபோகஸ், கைடிங், கணினி வேலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் அதிலேயே கிடைத்துவிடும். சங்கராபுரத்தில் மொட்டை மாடி வைத்திருப்பவரையும், கல்வராயன் மலைக்கு ஏறத் தயாராக இருப்பவரையும் மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன்.

எடுக்கப்போவது என்.ஜி.சி. 4565. வில்லியம் ஹெர்ஷல் 1785இல் கண்டுபிடித்தது. கோமா பெரெனிசெஸ் என்ற மங்கலான விண்மீன் தொகுதியில் இருக்கிறது. உருவத்தை வைத்து ஊசி கேலக்ஸி என்று பெயர் வந்துவிட்டது. தொலைவு ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டு. வானில் அதன் நீளம் சுமார் 16 வில்நிமிடம், அதாவது முழுநிலாவின் அகலத்தில் பாதி. அகலமோ 2 வில்நிமிடம்கூட இல்லை. ஒளிர்வெண் 10க்கு அருகில் என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கேமராவுக்கு இது மங்கலான பொருளும் அல்ல. வெளிச்சம் முழுவதும் ஒரு குறுகிய பட்டைக்குள் குவிந்திருப்பதால், இதே ஒளிர்வெண்ணுள்ள முகம் காட்டும் சுழல் கேலக்ஸிகளைவிட இது சீக்கிரம் பதியும்.

அந்தக் கரிய கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. லிக் வானாய்வகத்தில் கிராஸ்லி தொலைநோக்கியைக் கொண்டு சுழல் 'நெபுலா'க்களை வரிசையாகப் படமெடுத்த ஹீபர் கர்ட்டிஸ், பக்கவாட்டில் நிற்பவற்றில் இப்படி ஒரு கருப்புப் பட்டை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். 1918இல் அதைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டார். நம் பால்வெளி ஓடும் பாதையில் சுழல் நெபுலாக்கள் ஏன் தென்படுவதில்லை என்பது அன்றைக்கு ஒரு புதிர். பால்வெளியின் நடுத்தளத்திலும் இதே போன்ற தூசு இருந்து பின்னால் இருப்பதை மறைக்கிறது, ஆகவே அந்தச் சுழல்களும் நம் பால்வெளியைப் போன்ற தனித்தனி மண்டலங்கள் என்று அவர் வாதிட்டார். 1920 ஏப்ரலில் ஹார்லோ ஷேப்லியோடு நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் அவர் கையில் வைத்திருந்த சான்றுகளில் இதுவும் ஒன்று. நீங்கள் மாடியில் டி.எஸ்.எல்.ஆர். வைத்து எடுக்கப்போவது அந்தச் சான்றைத்தான்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. நம் பால்வெளியின் வட துருவம் இந்தக் கேலக்ஸிக்கு 4 டிகிரிக்குள்தான் இருக்கிறது. அதாவது அந்தத் திசையில் பார்க்கும்போது நம் வட்டுக்குச் செங்குத்தாக, நம்முடைய தூசை விட்டு வெளியே பார்க்கிறோம். முன்னால் மறைப்பு குறைவு. அதோடு முன்புற விண்மீன்களும் குறைவு, இது வேலையில் தொந்தரவு தரும். கைடு கேமராவில் பிடித்துக்கொள்ளப் பிரகாசமான விண்மீன் எளிதில் அகப்படாது. 30 மி.மீ. கைடு ஸ்கோப்பில் திண்டாடினால் 50 மி.மீ.க்கு மாறுங்கள். அல்லது கைடு எக்ஸ்போஷரை 3 நொடிக்கு உயர்த்துங்கள்.

வானில் எங்கே, எந்த மாதத்தில்

ஜாதகம் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்களை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பங்குனி மாத இரவில் கிழக்கே சுவாதி ஆரஞ்சு நிறத்தில் எழும். அதற்கும் மேலே சிம்மத்தின் வால் முனையில் இருப்பது உத்திரம். உத்திரத்துக்கும் சப்தரிஷி மண்டலத்தின் வால் முனைக்கும் நடுவாக்கில், உத்திரத்துக்குச் சற்று அருகில், பொடிப்பொடியாக ஒரு விண்மீன் கூட்டம் தெரியும். அதுதான் கோமா கூட்டம். ஊசி அதன் கிழக்கு ஓரத்தில், 17 கோமா என்ற விண்மீனிலிருந்து 2 டிகிரிக்குள் கிடக்கிறது. அந்தக் கூட்டம் வெறுங்கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகிறதா என்பது அன்றைய வானத்துக்கு நல்ல சோதனை. வெறும் மூட்டமாகக்கூடத் தெரியவில்லை என்றால் அன்று கேமராவைப் பையிலிருந்து எடுக்காமலேயே தூங்கப் போய்விடலாம்.

உத்திரத்துக்கு இத்தனை அருகில் இருப்பதால் ஒரு விளைவு உண்டு. பங்குனி உத்திரத்தன்று முழுநிலா நேராக இந்தப் பகுதியில்தான் வந்து நிற்கும். அன்றும் அதற்கு முன்பின் ஒரு வாரமும் ஊசியை மறந்துவிடுங்கள். தேய்பிறை தசமி முதல் வளர்பிறை பஞ்சமி வரை நம்முடைய நாட்கள். மாசி அமாவாசையை ஒட்டிய இரவுகளில் 11 மணிக்கு மேல் விடியும் வரை கேலக்ஸி 45 டிகிரிக்கு மேல் நிற்கும். பங்குனி அமாவாசைக்கு அதே ஆறு மணி நேரம் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை கிடைக்கும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நகரும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். சித்திரை கடைசியில் முன்னிரவிலேயே உச்சிக்கு வந்துவிடும், ஆனால் அதற்குள் கோடை இடியும் மாலை மேகமும் வந்துவிடுகின்றன. எனக்குப் பிடித்தது மாசிதான். அமாவாசைக்குச் சரியாகப் போக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அன்றைக்கு வாடகை வண்டியெல்லாம் மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பேசி வைக்கப்பட்டிருக்கலாம்.

12 டிகிரி அட்சரேகை தரும் வரமும் தொல்லையும்

சங்கராபுரத்திலிருந்து நேர் வடக்கே எழுபது எண்பது கிலோமீட்டரில், ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1960களின் கடைசியில் பாப்பு அங்கே வேலையைத் தொடங்கினார். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய 1977 மார்ச் நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. காவலூருக்கு இருக்கும் முக்கியமான அனுகூலம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பது. வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கே தெரியும். அந்த அனுகூலம் சங்கராபுரத்துக்கும் அப்படியே உண்டு, காசு கொடுக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிது. ஊசி வான நடுக்கோட்டுக்கு 26 டிகிரி வடக்கே இருக்கிறது, நாம் 12 டிகிரியில் இருக்கிறோம். ஆக அது உச்சியிலிருந்து 14 டிகிரி மட்டும் விலகி, 76 டிகிரி உயரத்தில் கடக்கும். காற்றுமண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாகப் பார்க்கிறோம். சோம்ப்ரெரோ கேலக்ஸியை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் பெரிது. நமக்கு அது 66 டிகிரியில் கடக்கிறது, லண்டனில் இருப்பவருக்கு 27 டிகிரி. நம் ஊரில் எட்டு அங்குலக் குழாய் வைத்திருப்பவர் அங்கே அதைவிடப் பெரிய குழாய் வைத்திருப்பவரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதில்லை.

தொல்லை துருவ நட்சத்திரத்தில் இருக்கிறது. அது இங்கே தொடுவானத்துக்கு மேலே 12 டிகிரியில்தான் நிற்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க், தென்னை மட்டை, புழுதி மூட்டம் ஏதாவது ஒன்று மறைத்துவிடும். மவுண்ட் வாங்கும்போது போலார் ஸ்கோப்பைப் பற்றிக் கடைக்காரர் பெருமையாகச் சொல்வதை அப்படியே விட்டுவிடலாம். நினா மென்பொருளில் இருக்கும் மூன்று புள்ளி துருவ ஒழுங்கமைப்புக்குத் துருவ நட்சத்திரமே தெரிய வேண்டாம். வானில் தெரிகிற பகுதியில் மூன்று படம் எடுத்து, விண்மீன்களை அடையாளம் கண்டு, எவ்வளவு திருக வேண்டும் என்று சொல்லிவிடும். கணினி இல்லாதவர் பழைய டிரிஃப்ட் முறையைப் பயன்படுத்தலாம். அரை மணி நேரம் பிடிக்கும், ஆனால் தவறாது.

இரண்டாவது தொல்லை இயந்திரத்தில். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் நினைத்துச் செய்த மவுண்டுகளில் சில இவ்வளவு தாழ்வாகச் சாயாது. சாய்ந்தாலும் எதிர்எடைக் கம்பி முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். வாங்குமுன் அட்சரேகை அளவுகோல் எந்த டிகிரி வரை இறங்குகிறது என்று கேளுங்கள். கையில் இருப்பது இறங்காவிட்டால் வடக்குக் காலைக் கொஞ்சம் குட்டையாக்கி, முக்காலியையே வடக்கு நோக்கிச் சாய்த்துவிடலாம். முக்காலி மட்டமாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, துருவ அச்சு சரியான திசையில் இருந்தால் போதும். சாய்த்த முக்காலி கவிழாமல் இருக்கிறதா என்பதை மட்டும் முழு எடையையும் ஏற்றிச் சுழற்றிப் பாருங்கள்.

ஸீஸ்டார் போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இவை மேலும் கீழும், இடமும் வலமும் மட்டும் அசையும் வகை. உச்சிக்கு அருகே போகப் போகப் படச்சட்டம் சுழலும் வேகம் கூடும். ஊசி உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தில் அந்தச் சுழற்சி மணிக்கு 60 டிகிரி அளவுக்கு வரும். பத்து நொடி எக்ஸ்போஷரில் சட்டத்தின் ஓரத்து விண்மீன்கள் மூன்று பிக்சல் இழுபடும், நடுவில் இருக்கும் கேலக்ஸி தப்பித்துவிடும். இதற்குத் தீர்வாக, கருவியைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் முறையை இணையத்தில் எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். 50 டிகிரி அட்சரேகையில் அது சரி. நம் ஊரில் கருவியை 78 டிகிரி சாய்க்க வேண்டும், கிட்டத்தட்ட படுக்கவைக்க வேண்டும். சாதாரண கேமரா முக்காலி அந்த நிலையில் குப்புற விழுந்துவிடும். உச்சிக்கோட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரத்தைத் தவிர்த்து, மற்ற நேரத்தில் எடுப்பதே இங்கே புத்திசாலித்தனம்.

மாடியா, மலையா

மாடியில் எடுப்பவர் ஊரின் திசைகளை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சங்கராபுரத்துக்குத் தெற்கே கள்ளக்குறிச்சியின் வெளிச்சம், வடகிழக்கில் தூரத்தில் திருவண்ணாமலை. மேற்கே கல்வராயன் மலை. ஊர்களின் வரிசை அறுபட்டு, அந்தப் பக்கம் வானம் மற்ற திசைகளைவிட இருட்டாக இருக்கும். ஊசி வடகிழக்கில் எழுந்து, உச்சியைக் கடந்து, வடமேற்கே மலைக்கு மேலாக இறங்குகிறது. ஆகவே மாடியிலிருந்து எடுப்பவருக்கு உச்சி தாண்டிய பிற்பாதிதான் லாபம். நாள் முழுக்க வெயிலில் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், அந்த அலையில் விண்மீன்கள் நடுங்கும். பிற்பாதியில் அதுவும் அடங்கியிருக்கும். ஊரில் தெருவிளக்கும் கடை விளக்கும் குறைவதும் அந்த நேரத்தில்தான்.

கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களும் இவைதான் என்பதை மறக்கக் கூடாது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு போன பிறகு வயலில் சோகையைக் கொளுத்துவார்கள். அந்தப் புகை தரையோடு படர்ந்து, கீழிருக்கும் விளக்குகளின் வெளிச்சத்தை வாங்கி வானத்தில் பூசிவிடும். மாலையில் எந்தப் பக்கம் புகை எழுகிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வானிலைச் செயலிகளில் இது வராது.

மலைக்குப் போவதன் பயனை ஒரே கணக்கில் சொல்லிவிடலாம். வானத்தின் பின்னணி ஒரு ஒளிர்வெண் அளவு இருண்டால், அதே தரமான படத்துக்குத் தேவையான மொத்த நேரம் இரண்டரை மடங்கு குறையும். மலையில் 4 மணி நேரம் எடுத்தது கீழே 10 மணி நேரம் எடுத்ததற்குச் சமம். புதுக் குழாய்க்காகச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தை நான்கைந்து முறை மலைக்குப் போய்வரச் செலவழியுங்கள் என்பதே என் பரிந்துரை. விளக்கு வெளிச்சத்தை வடிகட்டும் ஃபில்டர்களுக்கு இந்த வேலையில் செலவழிக்க வேண்டாம். கேலக்ஸியின் ஒளி விண்மீன்களின் ஒளி, எல்லா நிறமும் கலந்தது. இன்றைய தெருவிளக்குகள் எல்.இ.டி., அவையும் எல்லா நிறத்தையும் உமிழ்பவை. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் தடைபடும். நெபுலாவுக்கு அற்புதமாக வேலை செய்யும் இரட்டைப் பட்டை ஃபில்டரை இங்கே போட்டால் பாதிக் கேலக்ஸி காணாமல் போகும்.

கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் கரியாலூர், அதற்கு மேல் வெள்ளிமலை. மேலே போனதும் கள்ளக்குறிச்சியின் வெளிச்சம் கிழக்கே தாழ்வாகவும், ஆத்தூர், சேலம் பக்கத்து வெளிச்சம் தெற்கிலும் மேற்கிலும் தாழ்வாகவும் தெரியும். ஊசி வடக்குப் பக்கமாக உச்சியில் கடப்பதால் இவை எதுவும் அதைத் தொடாது. பொழுது சாய்வதற்குள் ஏறிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் ஓட்டுவது ஒரு காரணம், இடத்தைப் பகலில் பார்த்து வடக்கும் கிழக்கும் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்வது இன்னொன்று. பாறைமேல் கருவியை நிறுத்த வேண்டாம், அது மாடியைப் போலவே சூடு கக்கும். புல்வெளியோ உழுத கொல்லையோ நல்லது.

ரிசர்வ் காட்டுக்குள் இரவில் நிற்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், சாலையோரம்தானே என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டக் கூடாது. மலைக் கிராமத்தில் ஒருவரிடம் கேட்டு அவருடைய பட்டா நிலத்தில் நிறுத்துவதே ஒழுங்கு. "அண்ணா, ராத்திரி முழுக்க நட்சத்திரத்த ஃபோட்டோ எடுக்கணும், உங்க கொல்லையில ஒரு ஓரமா நின்னுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். முதல் மணி நேரம் குழாயில் நிலாவையோ வியாழனையோ வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது மரியாதை. அப்படியே கிராமத்துத் தெருவிளக்கின் சுவிட்ச் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுவைக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கள்ளச்சாராயச் சோதனைக்காகப் போலீஸ் இரவில் ஏறிவரும் மலை இது, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த சாவுகளுக்குப் பிறகு கெடுபிடி அதிகம். நள்ளிரவில் குழாயும் பேட்டரியும் பெட்டிகளுமாக இருட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அடையாள அட்டையை வைத்திருங்கள், காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முந்தைய இரவுகளில் எடுத்த படம் ஒன்று போனில் இருந்தால் விளக்கம் சுருக்கமாக முடியும்.

எந்தக் குழாய், எந்தக் கேமரா

கோட்டைப் பிரித்துக்காட்ட ஒரு பிக்சல் எத்தனை வில்நொடியை விழுங்குகிறது என்று தெரிய வேண்டும். பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுத்தால் விடை. புதிய டி.எஸ்.எல்.ஆர்.களில் பிக்சல் 3.7 மைக்ரான் அளவில் இருக்கும். 200 மி.மீ. லென்ஸ் போட்டால் பிக்சலுக்கு 3.8 வில்நொடி, ஊசியின் முழு நீளமும் 250 பிக்சலில் அடங்கிவிடும். கேலக்ஸி அழகான கீற்றாக வரும், கோடு நடுப்பகுதியில் மட்டும் நிழலாகத் தெரியும். 600 மி.மீ.யில் 1.3 வில்நொடி, 750 பிக்சல் நீளம். கோடு முழுசாகத் தெரியத் தொடங்குவது இங்கேதான். எட்டு அங்குல எஃப்/5 நியூட்டோனியனின் 1000 மி.மீ.யில் 0.8 வில்நொடி. அதற்கு மேல் போவதில் லாபமில்லை. நம் சமவெளிக் காற்றின் நடுக்கமே விண்மீனை இரண்டு மூன்று வில்நொடிக்குப் பரப்பிவிடுகிறது. என்னைக் கேட்டால் 500 முதல் 800 மி.மீ. வரைதான் நல்ல இடம். குழாய் லேசாக இருக்கும், நடுத்தர மவுண்ட் தாங்கும், கைடிங் பிழை ஒரு வில்நொடிக்குள் நின்றால் போதும்.

கேமராவின் சூடு இங்கே பெரிய விஷயம். சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறக்குறைய ஆறு டிகிரி செல்சியஸுக்கு இரு மடங்காகும். சித்திரை இரவில் காற்றே 28 டிகிரி இருக்கும்போது, தொடர்ந்து வேலை செய்யும் டி.எஸ்.எல்.ஆர். சென்சார் அதைவிடப் பத்து டிகிரி மேலே இருக்கும். மலையின் உயரம் நாலைந்து டிகிரி மிச்சப்படுத்துவது இருட்டுக்கு மேல் இன்னொரு லாபம். குளிரூட்டிய கேமரா வாங்கினவர்கள் மைனஸ் 20க்குப் போகும் ஆசையை விட்டு, ஒவ்வொரு இரவும் எட்டக்கூடிய மைனஸ் 5 அல்லது 0இல் நிறுத்திக்கொண்டால் டார்க் படங்களின் நூலகம் ஒன்றை வைத்துக்கொண்டே ஆண்டு முழுக்க ஓட்டலாம்.

மின்சாரத்துக்கு மவுண்ட், டியூ ஹீட்டர், கேமரா எல்லாம் சேர்த்து 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி. லித்தியம் பாஸ்பேட் பேட்டரி என்றால் 30 போதும். யு.பி.எஸ். பேட்டரியைத் தூக்கிப்போவதானால் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது, எனவே 50க்குக் குறையாமல் வேண்டும். மாசிப் பனி மலையில் லென்ஸை ஒரு மணி நேரத்தில் நனைத்துவிடும். டியூ ஹீட்டர் பட்டை இல்லாமல் போகாதீர்கள். யோகா பாயில் வெட்டிச் சுருட்டிய கூடு குழாய்க்கு முன்னால் ஒரு சாண் நீண்டிருந்தால் பாதி வேலையை அதுவே செய்யும்.

இரவு வேலை

துருவ ஒழுங்கு முடிந்ததும் ஃபோகஸ். பாட்டினாவ் முகமூடியை மாட்டிச் சுவாதியில் செய்யுங்கள், பிறகு ஊசிக்குப் போங்கள். மலையில் வெப்பம் முதல் மூன்று மணி நேரம் வேகமாக இறங்கும், குழாய் சுருங்கும், ஃபோகஸ் நகரும். மணிக்கு ஒருமுறை சரிபார்க்கச் சோம்பினால் கோடு மங்கிவிடும்.

எக்ஸ்போஷர் நேரத்துக்குச் சூத்திரம் தேட வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 800 அல்லது 1600 வைத்து ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு இடது ஓரத்தை விட்டுப் பிரிந்து, கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். எஃப்/5இல் மாடியில் அது 60 நொடியிலேயே வந்துவிடலாம், மலையில் மூன்று நிமிடம் வரை போகும். படங்களுக்கிடையே டித்தரிங்கைக் கட்டாயம் போடுங்கள். அதாவது சில படங்களுக்கு ஒருமுறை சட்டத்தைச் சில பிக்சல் நகர்த்துவது. சூடான சென்சாரின் இரைச்சல் சாய்ந்த கோடுகளாகப் பதிவதை இது ஒன்றுதான் தடுக்கும். கேமராவை இயக்கும் மென்பொருள் கட்டளையிட்டால் கைடிங் மென்பொருளான பி.எச்.டி.2 இதைச் செய்யும்.

உச்சிக்கோட்டைத் தாண்டும்போது மவுண்ட் மறுபக்கம் புரள வேண்டும். கேபிள் சிக்காமல் புரள்கிறதா என்று முன்னிரவிலேயே ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். விடியும்போது ஃபிளாட் எடுக்காமல் மூட்டை கட்டாதீர்கள். வெளுக்கத் தொடங்கிய வானத்தை நோக்கிக் குழாயின் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டி, அதே ஃபோகஸில், அதே கேமராக் கோணத்தில் முப்பது படம். நம் ஊரில் விடியல் வெளிச்சம் வேகமாக ஏறும், கையில் இருபது நிமிடம்கூட இருக்காது.

எவ்வளவு நேரம் சேர்க்க வேண்டும்? மலையில் இரண்டு மணி நேரத்தில் கோடு தெரியும். நாலு மணி நேரத்தில் அதன் ஓரங்கள் பிய்ந்து பிய்ந்து இருப்பது தெரியும். வட்டின் மெல்லிய முனைகள் வேண்டுமானால் எட்டுக்கு மேல் வேண்டும், அது ஒரே இரவில் முடியாது.

கணினியில்

சிரில் இலவசம், இந்த வேலைக்கு அது முழுக்கப் போதும். டார்க்கைக் கழித்து, ஃபிளாட்டால் வகுத்து, அடுக்கி, கிராக்ஸ்பெர்ட்டில் பின்னணிச் சரிவை நீக்கி, விண்மீன் பட்டியலை வைத்து நிறத்தைச் சரிசெய்வது வரை முந்தைய அத்தியாயத்தில் சொன்னதுதான். இங்கே கவனம் ஸ்ட்ரெட்சில். நடுக்குமிழ் பிரகாசமானது. மங்கலான முனைகளை வெளிக்கொண்டுவர இழுத்த இழுப்பில் குமிழ் வெளுத்து, கோடு அதற்குள் கரைந்துவிடும். சிறுசிறு படிகளாக இழுங்கள், ஒவ்வொரு படியிலும் குமிழைக் குறுக்கே வெட்டும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கோடு கன்னங்கரேலென்று மை தீட்டியதுபோல இருந்தால் அதிகமாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தூசுக்கு முன்னால், நமக்கும் அதற்கும் இடையிலும் அந்தக் கேலக்ஸியின் விண்மீன்கள் இருக்கின்றன. அதனால் உண்மையான கோடு பழுப்பு கலந்த கருமையாக, இடத்துக்கு இடம் அடர்த்தி மாறி இருக்கும். வட்டு முற்றிலும் விளிம்புப்புறமாக இல்லாமல் மூன்று நான்கு டிகிரி சாய்ந்திருப்பதால் கோடு குமிழின் சரியான நடுவில் ஓடாது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். உங்கள் படத்தில் நேர் நடுவில் ஓடினால் மென்பொருளைச் சந்தேகப்படுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கூர்மையாக்கிகளை நான் இந்தப் பொருளில் பயன்படுத்துவதில்லை. இரண்டு மணி நேரத் தரவில் இல்லாத இழைகளையெல்லாம் அவை கோட்டுக்குள் வரைந்துவிடும், பிறகு நீங்கள் எடுத்தது எது, அது வரைந்தது எது என்று பிரிக்க முடியாது.

படம் தேறியதா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள். தென்மேற்கில் கால் டிகிரிக்குள் என்.ஜி.சி. 4562 என்ற சின்னக் கேலக்ஸி மங்கலாக வந்திருக்க வேண்டும். குமிழ் உருண்டையாக இல்லாமல் பெட்டிபோல, நிலக்கடலை ஓடுபோல இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அந்த வடிவம் நடுவில் ஒரு தண்டு இருப்பதன் அறிகுறி என்று முன்பே சந்தேகித்தார்கள், 2010இல் வெளியான ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களைக் கொண்ட ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. நம் பால்வெளிக்கும் நடுவில் தண்டு உண்டு.

ஊசிக்குப் பிறகு

சோம்ப்ரெரோ, அதாவது எம் 104, சித்திரை நட்சத்திரத்துக்கு மேற்கே 11 டிகிரியில், அஸ்தத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஊசி கடக்கும் அதே நேரத்தில் அதுவும் உச்சிக்கோட்டுக்கு வரும். ஒளிர்வெண் 8, கோடு தடிமனானது, 300 மி.மீ.யிலேயே தெரியும். உண்மையில் புதியவர்கள் இதில் தொடங்கி ஊசிக்குப் போகலாம். பூரத்துக்குக் கீழே சிம்மத்தின் மூன்று கேலக்ஸிகளில் ஒன்றான என்.ஜி.சி. 3628 இருக்கிறது. பரந்த தூசுப் பட்டை, மங்கலான பரப்பு, மாடிக்கு ஏற்றதல்ல. சங்கராபுரத்தில் அது உச்சியிலிருந்து இரண்டு டிகிரிக்குள் கடப்பதால் ஸ்மார்ட் டெலஸ்கோப்காரர்கள் அந்த நேரத்தில் அதைத் தொடவே கூடாது. ஊசிக்கு இரட்டைபோல இருக்கும் என்.ஜி.சி. 891 வடகிழக்குப் பருவமழைக் காலத்து வானத்தில் இருப்பதால் நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. மார்கழியில் மழை சீக்கிரம் விட்டால் முன்னிரவில் ஓரிரு மணி நேரம் கிடைக்கும். இவற்றைவிட எனக்கு ஆவலூட்டுவது சென்டாரஸில் இருக்கும் என்.ஜி.சி. 4945. ஐரோப்பியர்களுக்கு எட்டாதது, நமக்கு 28 டிகிரி உயரத்தில் தெற்கே கடக்கும். மலையின் தெற்குச் சரிவில் கீழே விளக்கில்லாத ஒரு இடம் பிடித்தால் முயன்று பார்க்கலாம்.

எடுத்த மூலப் படங்களை அழிக்காதீர்கள். அடுக்கி முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினால், அடுத்த மாசியில் எடுப்பதை இதோடு சேர்க்க வழியில்லாமல் போகும். ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு இரவுக்கும் தனிக் கோப்புறை, அதற்குள் அன்றைய ஃபிளாட். கேமரா குழாயில் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதை ஒரு மார்க்கரால் குழாயிலேயே கோடிட்டு வைத்தால், மறு ஆண்டு அதே கோணத்தில் பூட்டலாம். இரண்டு ஆண்டுப் படங்களும் ஓரம் வெட்டுப்படாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்.